உள்ளங்கை எண்ணெய்

கருணைக்கொலை சரியா தவறா என்று டிவியில் விவாதம் வந்தால் நான் எழுந்து போய்விடுவேன். ஏனென்று என் மனைவிக்கும் தெரியாது.

அப்பா தென்காசி வீட்டில் படுக்கையில் விழுந்து ஏழு மாதமாகியிருந்தது. சென்னையிலிருந்து பத்து நாள் லீவில் போயிருந்தேன். நாலாம் நாள் சித்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏலே, அண்ணன் படுத பாட்டப் பாக்க முடியல. எண்ணெய் தேச்சு விட்ருவோம்."

எங்கள் பக்கம் அதற்கு ஒரே அர்த்தம்தான். கிடையில் கிடப்பவருக்குத் தலை நிறைய எண்ணெய் வைத்து, பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டி, இளநீர் கொடுப்பார்கள். இரண்டொரு நாளில் ஜன்னி கண்டு முடிந்துவிடும். அதைக் கருணை என்றுதான் நானும் சொல்லிக்கொண்டேன். ஆனால் லீவுக்குள் எல்லாம் முடிந்துவிடுமா என்றே மனசு கணக்குப் போட்டது.

நல்லெண்ணெயை நானே வாங்கி வந்தேன். உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு குனிந்தபோது அப்பா கண் திறந்தார். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போவது அவருடைய வழக்கம்.

"எண்ணெயா? குத்தாலத்துக்கா கூட்டிட்டுப் போறே? சாரல் விழுதாலே?"

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். சித்தப்பாவைத் திருப்பி அனுப்பினேன். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அதன்பின் ஐந்து மாதம் இருந்தார். ஊருக்குப் போகும்போதெல்லாம் உடம்பு துடைத்துவிட உட்காருவேன். அப்பா முதலில் என் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையை முகர்ந்து பார்ப்பார். அதற்குப் பிறகுதான் தொடவிடுவார்.