பின்னால் வந்த குதிரை

குதிரைக்குத்தான் ஏதோ வருத்தம் என்று கண்ணகை நினைத்தாள். வாழைச்சேனையில், வாவியோரத் தென்னந்தோட்டம் ஒன்றில், அது கம்பி வேலிக்குள் நின்றது. மலைநாட்டிலிருந்து லொறியில் கொண்டுவந்திருந்தார்கள்.

"இதுக்கு என்ன செய்யுது?" என்று பிரஷாந்தியிடம் கேட்டாள். பிரஷாந்தி, மனம் உடைந்தவர்களோடு பேசி ஆற்றும் உளவளத்துணையாளர்.

"அதுக்கு ஒண்டுமில்லக்கா. உங்களுக்காகத்தான் கொண்டுவந்திருக்கம்."

கண்ணகைக்கு அதுவும் விளங்கவில்லை.

அவள் கதிரவெளிக்காரி. சுனாமி அவளுடைய புருசனைக் கொண்டுபோனது. உடல் கிடைத்தது, அடக்கம் செய்தாள், அழுதாள். இரண்டு வருடத்தில் ஷெல் விழத் தொடங்க, சனம் காட்டு வழியாக வெளியேறியது. மூட்டையுடன் கண்ணகை முன்னால், தங்கை கலாஜினி பின்னால்.

"நீ போ அக்கா, நான் வாறன்" என்றாள் கலாஜினி.

கொஞ்சத் தூரம் போய்த் திரும்பினால் அவள் இல்லை. வேறு முகங்கள்தான் வந்துகொண்டிருந்தன. யுத்தம் முடிந்து ஒரு வருடமாகியும் தகவல் இல்லை. செத்துப்போனாள் என்று சொல்லவும் ஆளில்லை, இருக்கிறாள் என்று சொல்லவும் ஆளில்லை.

கலாஜினி காணாமல்போன அன்றிலிருந்து கண்ணகையால் திரும்பிப் பார்க்காமல் நடக்க முடியவில்லை. கடற்கரையில் கருவாடு காயப்போடும் வாடிக்கு வேலைக்குப் போகும் வழியில், திரும்பியபடியே நடந்து சைக்கிள் ஒன்றில் மோதிக் கை முறிந்தது. ஆஸ்பத்திரித் தாதிதான் அவளைப் பிரஷாந்தியிடம் அனுப்பினாள். அங்கே எதைக் கேட்டாலும் கண்ணகை தரையையே பார்த்தாள். பேச்சால் ஆகாததைக் குதிரையோடு நடக்கவிட்டுப் பார்க்கலாம் என்றுதான் இந்தக் குதிரை.

"கயித்தப் பிடிச்சு முன்னால நடங்க. இழுக்க வேணாம்."

நடந்தாள். நாலு எட்டு வைத்ததும் திரும்பினாள். குதிரை நின்றுவிட்டது. மறுபடி நடந்தாள், திரும்பினாள். மறுபடியும் நின்றது.

"ஏன் இது வருதில்ல?"

"நீங்க திரும்பி முகத்தப் பார்த்தா, நிக்கச் சொல்றீங்க எண்டு நினைக்குது."

கண்ணகை பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். மணலில் குளம்புச் சத்தம் கேட்டது. கழுத்தில் சூடான மூச்சுப் பட்டது. வேலியோரமாகச் சுற்றிப் படலை வாசலுக்கு வந்ததும்தான் திரும்பினாள். குதிரை பக்கத்திலேயே நின்றது.

அவளுக்குக் கோபம்தான் வந்தது. கயிற்றை மணலில் எறிந்தாள்.

"இது வந்திட்டு. அவ ஏன் வரல்ல?"

கண்ணகை மணலில் குந்தி, தங்கைக்காக முதல்தடவையாக அழுதாள். குதிரை தலையைத் தாழ்த்திப் புல்லைத் தேடியது. அது தன்னைத் தேற்றுகிறதா, பசியில் மேய்கிறதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அடுத்த கிழமை போகவில்லை. அதற்கடுத்த கிழமை போனாள். ஏனென்று கேட்டவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. மழைக்கு முன் குதிரையைத் திருப்பி அனுப்பும்வரை போய்வந்தாள்.

"இப்ப எப்படியிருக்கு?" என்று பிரஷாந்தி ஒருநாள் கேட்டாள்.

"சில நாள் திரும்பாமலே வாடிக்குப் போயிடுறன். போய்ச் சேர்ந்த பிறகுதான் நினைவு வருது."

"அது நல்லதுதானேக்கா."

"நல்லதா?" என்றாள் கண்ணகை. "நான் திரும்பாத அண்டைக்குப் பார்த்து அவ பின்னால வந்திருந்தா?"

பிரஷாந்தி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கேள்வி கண்ணகையை விட்டுப் போகவேயில்லை. ஆனாலும் அடுத்த நாள் விடிய எழுந்து வேலைக்குப் போனாள். பாதி வழியில் நின்று, திரும்புவதா வேண்டாமா என்று தெரியாமல் கொஞ்சநேரம் வீதியோரத்தில் நின்றாள்.