ஸ்டேஷன் இங்கிலீஷ்

அவள் இன்ஸ்பெக்டர் இல்லை, இன்டர்ப்ரெட்டர். போலீஸ்காரர் பேசும் இங்கிலீஷைத் தமிழில் சொல்வதும், எதிரே உட்கார்ந்திருப்பவர் பேசும் தமிழை இங்கிலீஷில் சொல்வதும்தான் வேலை. ஆனால் அவளுடைய மாமியார் காதில் இரண்டு சொல்லும் ஒன்றாகத்தான் விழுந்தன. மருமகள் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் என்று குடியிருப்பு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டார். அன்று முதல் நாலு மாடிக்கும் அவள் இன்ஸ்பெக்டர் அக்காதான். வண்டியைக் கண்ட இடத்தில் நிறுத்தி மாட்டிக்கொண்டவர்களெல்லாம் சிபாரிசுக்கு வாசலில் வந்து நின்றார்கள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவருக்கு உண்மை தெரியும். இருந்தும் டீ வேண்டுமென்றால் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்துவிட்டுத்தான் கேட்பார்.

கல்யாணமாகி இந்த வெளிநாட்டுக்கு வந்த புதிதில் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த சலவைக் கடையில் கவுண்டரில் நின்றவள் அவள். சட்டையில் கறை எங்கே, பொத்தான் எத்தனை என்று பேசிப் பேசியே இங்கிலீஷ் பிடிபட்டது. யூனிஃபார்ம் கொண்டுவந்து போடும் சார்ஜெண்ட் ஒருநாள் வெறுங்கையோடு வந்தார். தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் உள்ளே அழுதுகொண்டிருக்கிறார், எதற்கென்று கேட்டுச் சொல்ல முடியுமா என்றார். போய்க் கேட்டாள். பர்ஸைத் தொலைத்தவரையே திருடன் என்று நினைத்து உட்கார வைத்திருந்தார்கள். அப்புறம் அடிக்கடி கூப்பிட்டார்கள். பரீட்சை எழுதச் சொன்னார்கள், எழுதினாள். சலவைக் கடை போய் ஸ்டேஷனே வேலையிடம் ஆயிற்று.

கூட்டாதே, குறைக்காதே, உன் கருத்தைச் சொல்லாதே என்பதுதான் அங்கே அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். யார் பேசினாலும் அவர் வாயாகவே பேச வேண்டும். அதனால் "நான் உங்களைக் கைது செய்கிறேன்" என்று சொல்வதும் அவள்தான், "நான் ஒன்றும் செய்யவில்லை" என்று சொல்வதும் அவள்தான். முதல் வாரம் தலை சுற்றியது, பிறகு பழகிப்போயிற்று.

பழகாதது அந்தச் சொற்கள். ஜனங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதில்லை, அரைகுறையாகத் தெரியும். வம்பே அங்கேதான். மகனுக்கு பெயில் கிடைத்துவிட்டது என்று ஒரு தாயிடம் யாரோ போனில் சொல்ல, அவன் படிப்பை விட்டே வருஷமாகிறதே, இப்போது எதில் பெயிலானான் என்று அந்த அம்மாள் ஸ்டேஷனுக்கே வந்து கேட்டார். கான்ஸ்டபிள் பீட்டில் இருக்கிறார், காத்திருங்கள் என்று முன்மேசையில் சொன்னதும் ஒரு பெரியவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ரோந்து போயிருக்கிறார் என்று அவள் பின்னாலேயே ஓடிச் சொல்ல வேண்டியிருந்தது. "நான் உள்ள யாரையோ அடிச்சிக்கிட்டு இருக்காருன்னு நெனச்சேன்மா" என்றார் அவர், நம்பியும் நம்பாமலும். இதையெல்லாம் வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். ஒருநாள் முற்பகலில் வந்த ஒரு பெண்ணைப் பற்றி மட்டும் சிரித்துச் சொன்னதில்லை.

அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கையில் துணிப்பை. உள்ளே மாற்றுச் சட்டை, துண்டு, சாப்பாட்டு டப்பா. அவள் கணவர் குளிர்பதனக் கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்குபவராம். அரெஸ்ட் ஆகிவிட்டார் என்று கிடங்கிலிருந்து போன் வந்ததாம். பேச்சு முடிவதற்குள் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டதாம். அதை அழாமல் கோபமாகத்தான் சொன்னாள். அந்த மனுஷனுக்குச் சூப்பர்வைசரைக் கண்டாலே ஆகாது, தினம் வீட்டில் வந்து கருவுவார், இன்றைக்குக் கையை நீட்டியிருப்பார், மானம் கப்பலேறிவிட்டது என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு கட்டியிருந்தாள்.

சார்ஜெண்ட் தேடிப் பார்த்துவிட்டு அப்படி யாரும் இங்கே இல்லை என்றார். அக்கா அதைத் தமிழில் சொன்னாள். மறைக்கிறார்கள் என்றாள் அந்தப் பெண். அக்கா அதை இங்கிலீஷில் சொன்னாள். சார்ஜெண்டுக்குக் கோபம் வரவில்லை. பக்கத்து ஸ்டேஷன்களுக்கெல்லாம் போன் போட்டார். எங்கேயும் இல்லை. அக்காவும் அவரோடு சேர்ந்து ஸ்டேஷன் ஸ்டேஷனாகத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் வேறெதுவும் தோன்றவில்லை.

கடைசியில், பொழுதைப் போக்குவதற்காகத்தான், கேட்டாள்.

"போன்ல சொன்னதை அப்படியே சொல்லுங்க. தப்பா இருந்தாலும் பரவாயில்லை."

"ஹஸ்பெண்ட், ஹஸ்பெண்ட்னு கத்தினாங்க. ஒரே இரைச்சல். அப்புறம் கார்டுன்னு என்னவோ. அதோட சேர்த்து அரெஸ்ட். கம், கம்னாங்க. அவ்வளவுதான்."

"என்ன கார்டு?"

"கேட்ல காட்டுற கார்டுதான், வேறென்ன. அதை மறந்து வச்சுட்டுப் போறதே அவருக்குப் பொழப்பு. அதுக்குச் சூப்பர்வைசர் ஏதாவது சொல்லியிருப்பாரு, இவரும் சண்டைக்கு நின்னுருப்பாரு."

கார்டு, அரெஸ்ட். அக்கா இரண்டையும் வாய்க்குள் ஒட்டவைத்துச் சொல்லிப் பார்த்தாள். ஸ்டேஷனுக்குள் நின்று கேட்டதால் இவ்வளவு நேரம் அந்தச் சொல் கைவிலங்காகவே காதில் விழுந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் நின்று கேட்டிருந்தால் முதல் தடவையிலேயே புரிந்திருக்கும். கார்டியாக் அரெஸ்ட். திருடனைப் பிடித்து நிறுத்தினாலும் அரெஸ்ட், இதயம் தானாக நின்றாலும் அரெஸ்ட்.

ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்க் கிடங்கின் பெயரைச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். இருக்கிறார் என்றார்கள். இதயம் நின்றுபோய், மறுபடி ஓடியிருக்கிறது. இன்னும் நினைவு வரவில்லை. மனைவிக்குப் போன் போட்டுப் போட்டு அலுத்துவிட்டோம், எங்கே அவர் என்று அவர்கள் இவளைக் கேட்டார்கள்.

ரிசீவரை வைத்தபின் அவளுக்கு உடனே கதவைத் திறக்கக் கை வரவில்லை. இத்தனை வருஷமும் மற்றவர்கள் சொல்வதைத்தான் சொல்லியிருக்கிறாள். எவ்வளவு கசப்பான சேதியானாலும் அதைச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருப்பார், இவள் வழி மட்டும் விடுவாள். இதைச் சொல்ல அவளைத் தவிர ஆளில்லை. சார்ஜெண்டைக் கூப்பிட்டு அவர் வாயால் சொல்ல வைக்கலாமா என்றுகூட நினைத்தாள். கேட்டிருந்தால் அவர் மாட்டேன் என்றிருக்க மாட்டார். வேண்டாம் என்று விட்டுவிட்டாள். அந்தப் பெண்ணின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவரைப் போலீஸ் புடிக்கலைம்மா."

அந்த முகம் மலர்ந்ததை அக்கா இன்றைக்கும் மறக்கவில்லை. "எனக்குத் தெரியும்க்கா. வாய்தான் நீளம், மனசுல ஒண்ணும் கிடையாது" என்று அந்தப் பெண் சாப்பாட்டுப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ள முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். அக்கா ஒரு மூச்சு நேரம் நிறுத்தவும் செய்தாள். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரியில இருக்கார். நெஞ்சு கொஞ்ச நேரம் நின்னுபோச்சு. மறுபடி ஓட வச்சுட்டாங்க. உசுரோட இருக்கார். வாங்க, நானும் வரேன்."

சார்ஜெண்டே வண்டியை எடுத்தார். போலீஸ் வண்டியில் போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அந்தப் பெண் ஒருமுறை தயங்கிவிட்டு, தானே கதவைத் திறந்து ஏறினாள். வழியெல்லாம் ஒரே பேச்சுத்தான். அங்கே அவர் மூச்சில்லாமல் கிடந்தபோது நான் பஸ்ஸில் உட்கார்ந்து திட்டிக்கொண்டு வந்திருக்கிறேனே, இந்தத் தடவை கதவைத் திறக்க மாட்டேன் என்று சபதம் வேறு போட்டேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அக்கா அதற்குச் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. திட்டிக்கொண்டேயாவது சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தீர்களே என்று மட்டும் சொன்னாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடங்குச் சட்டை போட்ட ஒரு தடித்த ஆள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். சூப்பர்வைசர். விழுந்தவர் நெஞ்சில் கையை வைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் அழுத்தியவர் அவர்தான். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து கை மாற்றியதும் போனில் கத்தியவரும் அவர்தான். விலா எலும்பு முறிந்த சத்தம் கேட்டது, மன்னித்துவிடச் சொல்லுங்கள் என்றார். அக்கா அதை எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். அந்தப் பெண் இரண்டு கையையும் கூப்பினாள். அதைத் தமிழிலிருந்து எதற்கும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பெண்ணின் கணவருக்கு நினைவு திரும்பி, பேச்சு வந்து, ஒருநாள் அக்கா பார்க்கப் போயிருந்தாள். மனைவி நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தாள். அவருக்கு அதில் ஒன்றுதான் உறுத்தியிருந்தது.

"உடனே நம்பிட்டியா? நான் ஒருத்தனை அடிச்சிருப்பேன்னு?"

"நம்பினேங்க" என்றாள் மனைவி, மறைக்காமல். "தினமும் வந்து பல்லைக் கடிச்சீங்க. நம்பாம என்ன பண்றது?"

அவர் சிரிக்கப் போய், விலா வலித்து நிறுத்திக்கொண்டார். சூப்பர்வைசர் சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார். அவரிடம் என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை என்று படுத்திருந்தவர் அக்காவிடம் யோசனை கேட்டார். நீங்கள் எதையாவது பேசுங்கள், நான் சொல்லிவிடுகிறேன் என்றாள் அக்கா. வந்தவரும் படுத்திருந்தவரும் கடைசியில் பேசியது கிடங்கின் பழுதான கதவைப் பற்றித்தான். பேச்சு வெகுநேரம் நீண்டது.

இப்போதெல்லாம் ஸ்டேஷனிலிருந்து பிடிபட்டவர்களின் வீட்டாருக்குப் போன் போடும்போது அரெஸ்ட் என்ற சொல்லை அவள் தமிழுக்கு நடுவில் கொண்டுவருவதில்லை. போலீஸ் பிடித்து வைத்திருக்கிறது, உடம்புக்கு ஒன்றுமில்லை என்று இரண்டையும் சேர்த்தே சொல்ல முடியுமா என்று சார்ஜெண்டைக் கேட்டாள். அவரும் அப்படியே தன் வாக்கியத்தை மாற்றிக்கொண்டார். அதனால் அவள் எதையும் கூட்டிச் சொன்னதாக ஆகாது.

பிறகு ஒரு காலையில் அந்தப் பெண் போன் செய்தாள். குரலில் பதற்றம் இல்லை, நிதானம் இருந்தது.

"அக்கா, டாக்டர் வந்து இவருக்கு டிஸ்சார்ஜ்னு சொல்லிட்டுப் போறாரு. இவரு வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களாங்கறாரு. நான் எதையும் நம்பல. உங்களைக் கேட்டுக்கலாம்னு போட்டேன்."

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு அர்த்தம்மா."

"வேற அர்த்தம் எதுவும் இல்லையே?"

"இருக்கு. கோர்ட்ல ஒண்ணு இருக்கு, வேலையில ஒண்ணு இருக்கு. உங்களுக்கு இதுதான்."

அந்தப் பெண் அந்தப் பக்கம் திரும்பி, வீட்டுக்குப் போகலாமாங்க என்று கணவரிடம் சொன்னது போனிலேயே கேட்டது. அவர் செருப்பு எங்கே என்று கேட்டார்.