இத்தாலியனுக்கு வைத்த தேசிக்காய்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டுப் பேச்சில் தினமும் ஓர் இத்தாலியன் வந்துபோனான். அவன் எங்களுக்கு உறவுமில்லை, எங்களை அவனுக்குத் தெரியவும் தெரியாது. சேற்றிலும் மணலிலும் மோட்டார் சைக்கிளைப் பாயவிட்டு ஓடுகிற மோட்டோகுரொஸ் பந்தயத்தில் பலமுறை உலகச் சம்பியனானவன். அம்மா அவனைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. ‘எங்கட இத்தாலியன்’ என்பார். கூடப்பிறந்த தம்பிமாரைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு அக்கறையாகப் பேசி நான் கேட்டதில்லை.

கொலோனிலிருந்து ஒரு மணித்தியாலத் தூரத்தில் இருந்த எங்கள் சிறு நகரத்தில் ஓர் இத்தாலியத் தம்பதி ஐஸ்கிறீம் கடை வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு அங்கே கோப்பை கழுவுகிற வேலை. கடைச் சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில், சேறு அப்பிய உடுப்போடு அந்தச் சம்பியனின் படமும் தொங்கியது. கடைக்காரப் பெண்மணியின் ஊர்க்காரன் அவன். ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் போட்டுவிட்டு அவர் கத்துகிற கத்தலில் வாடிக்கையாளர்களின் கரண்டிகள் பாதி வழியில் நின்றுவிடும். அம்மா முதலில் பயந்தாராம். பிறகு கழுவிய கோப்பையும் கையுமாக வந்து நின்று பார்க்கத் தொடங்கினார். அடுத்த கோடையில் இரண்டு பேரும் சேர்ந்து கத்தினார்கள்.

எனக்குத் தலை இழுத்துவிடும்போது அம்மா சொல்லும் கதை அவனுடையதுதான். மலைக் கிராமம், டயர் ஒட்டுகிற தகப்பன், எழுத்துப் பழக முதலே ஏறிய குட்டி மோட்டார் சைக்கிள், இரவல் வண்டியில் ஓடிப் பணக்காரப் பிள்ளைகளை வென்ற முதல் பந்தயம். அவனுடைய எலும்புகள் எனக்கு மனப்பாடம். தோள் எலும்பு முறிந்த வருடம், மணிக்கட்டுக்குத் தகடு வைத்த வருடம், முழங்கால் போய் ‘இனி இவன் முடிந்தான்’ என்று பத்திரிகைகள் எழுதிய வருடம். ஒவ்வொரு முறிவின் முடிவிலும் அம்மா ஒரே வசனத்தைச் சொல்லிச் சீப்பை அழுத்துவார்: “பிறகும் வந்து ஏறினான், பாத்துக்கொள்.” வளர்ந்தபின் இணையத்தில் தேடிப் பார்த்தேன். டயர் ஒட்டுகிற தகப்பன் அம்மாவின் சொந்தத் தயாரிப்பு. மனிதர் ஊரில் பெரிய கார் விற்பனை நிலையமே வைத்திருந்திருக்கிறார். எலும்புகள் மட்டும் உண்மையாக இருந்தன.

அந்த வருடம் அம்மாவுக்குக் கார் ஓடப் பழக வேண்டிய கட்டாயம் வந்தது. ஐஸ்கிறீம் கடையைக் குளிர்காலம் முழுக்கப் பூட்டிவிட்டு அந்தத் தம்பதி இத்தாலிக்குப் போய்விடுவார்கள், அம்மாவுக்கு வேலை இருக்காது. பக்கத்து மலையில் இருந்த முதியோர் இல்லத்தில் நிரந்தர வேலை தருவதாகச் சொன்னார்கள். ஆனால் காலை ஆறு மணிக்கு நிற்க வேண்டும், அந்த நேரத்தில் மலைக்குப் பேருந்து கிடையாது, சாரதிப் பத்திரத்தோடு வா என்றார்கள். அம்மா பயிற்சிக்குப் போனார். எழுத்துப் பரீட்சையில் நன்றாகவே தேறினார். ஓடப் பழகுகிற இடத்தில்தான் சறுக்கியது. ஒரு திருப்பத்தில் பிரேக்குக்குப் பதில் மற்றதை மிதித்து, ஒரு வீட்டு வேலியைச் சாய்த்துக்கொண்டு ரோசாப் பாத்திக்குள் போய் நின்றார். பக்கத்தில் இருந்த ஆசிரியர் தன் பிரேக்கை மிதிக்க முதல் வேலி விழுந்துவிட்டது. ஒருவருக்கும் காயமில்லை. வீட்டுக்காரர் வெளியே வந்து அம்மாவுக்குத் தண்ணீர்கூடக் கொடுத்தாராம். ஆனாலும் அன்றிலிருந்து அம்மா காரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“எனக்கு ஏலாது” என்றார்.

“ஏலாட்டி விடும். நான் ஓடுவன்தானே” என்றார் அப்பா. அவருடைய பெருந்தன்மையில் கொஞ்சம் நிம்மதியும் கலந்திருந்தது போலப் பட்டது எனக்கு. ஆசிரியரோ விடவில்லை. ஓட்டப் பரீட்சைக்குச் செவ்வாய்க்கிழமை நேரம் குறித்து ஒரு தெர்மின் எடுத்துவைத்திருந்தார். அதற்கு முந்திய ஞாயிறு இத்தாலியனுக்கு எங்கள் பக்கத்தில் பந்தயம். அன்றைக்கே கொலோனுக்குப் போகிற வழியில் ஒரு மண்டபத்தில் அப்பாவின் நண்பருடைய மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு. அம்மா தலை இழுத்துக்கொண்டே என் காதோடு சொன்னார்:

“ஞாயிற்றுக்கிழமை அவன் வெண்டால் நான் செவ்வாய்க்கிழமை போறன். தோத்தானெண்டால் தெர்மினை நிப்பாட்டிப்போடுவன். அப்பாட்டைச் சொல்லாதை.”

நான் சொல்லவில்லை. அம்மா போக வேண்டும் என்று விரும்பினேன். அதனால் இத்தாலியன் வெல்ல வேண்டும் என்று எல்லாக் கடவுளையும் கரைச்சல் படுத்தினேன்.

அந்தக் கிழமைதான் அப்பா ஒரு கார் வாங்கியிருந்தார். நல்ல பழைய கார், எங்களுக்குத்தான் புதியது. ஞாயிறு காலை நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய் வைத்து நசித்தார். பிறகு இன்னொன்றைக் காரைச் சுற்றிக் கண்ணூறு கழித்தார். கழித்ததை நாற்சந்தியில் எறிய வேண்டும். எங்கள் வீதியில் இருந்ததோ ஒரு சுற்றுவட்டம். அதோடு எதிர்வீட்டு ஜேர்மன் முதியவர் யன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் குப்பையை எந்த நிற வாளியில் போடுவது என்று எங்களுக்கு ஏற்கெனவே வகுப்பு எடுத்தவர் அவர். கண்ணூறு எந்த வாளிக்கு உரியது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. “வழியில பாத்து எறிவம்” என்று அதை அம்மாவிடம் கொடுத்தார்.

அம்மாவின் கைப்பையில் ஏற்கெனவே ஒரு தேசிக்காய் இருந்தது. முதல்நாள் கோயிலில் ஐயர் பூசை செய்து கொடுத்த அது பழுத்து மஞ்சளாக இருந்தது. அப்பா கண்ணூறு கழித்தது சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய பச்சை. இரண்டும் ஒரே பைக்குள் போயின.

பந்தயத் திடலின் அறிவிப்புப் பலகை தெரிந்ததும் அம்மா, “இஞ்சேருங்கோ, ஒருக்கா எட்டிப் பாத்திட்டுப் போவமே” என்றார். அப்பா மணிக்கூட்டைப் பார்த்தார். அழைப்பிதழில் பத்து மணி என்று அடித்திருந்தார்கள். எங்கள் ஆட்களின் விழாவில் பத்து மணி என்றால் பகல் ஒன்று. நேரத்துக்குப் போனால் மண்டபத்தில் கதிரை அடுக்க வேண்டிவரும் என்பது அப்பாவின் அனுபவம். காரைத் திருப்பினார்.

முதல்நாள் இரவு முழுக்க மழை. திடல் சேறாகக் கிடந்தது. கத்தரிப்பூ நிறப் பட்டுச் சேலையும் அட்டியலுமாக அம்மா, கோட்டும் சூட்டுமாக அப்பா, பாவாடை சட்டையில் நான். சேற்றுச் சப்பாத்துக்காரர்களும் மழைக்கோட்டுக்காரர்களும் எங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். வேலிக் கரையில் ஒரு கிழவர் தன் மடக்குக் கதிரையை அம்மாவுக்கு விரித்துக் கொடுத்தார். அப்பாவை அதற்குக் காவலாக விட்டுவிட்டு, அம்மா என்னை இழுத்துக்கொண்டு ஓட்டக்காரர்களின் கூடாரங்கள் இருந்த பக்கம் போனார்.

அவன் ஒரு பெட்டியின்மேல் குந்தியிருந்து மணிக்கட்டுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தான். படத்தில் பார்த்ததைவிடச் சின்ன ஆள். காதோரம் நரைத்திருந்தது. வழியெல்லாம் வாய் ஓயாமல் வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். அவருக்குத் தெரிந்த இத்தாலியம் ஐஸ்கிறீம் கடை இத்தாலியம். கோப்பை, கரண்டி, கெதியாக, இன்னும் தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்துகிற சில சொற்கள். அதற்குள் தேடிக் கடைக்காரப் பெண்மணியின் பெயரையும் ஊரின் பெயரையும் எடுத்துச் சொன்னார். அவன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பில் அம்மாவுக்குத் துணிவு வந்துவிட்டது. முகத்தை அவனிலிருந்து எடுக்காமலே பைக்குள் கையைவிட்டுத் தேசிக்காயை எடுத்தார், குனிந்து அவனுடைய வண்டியின் முன்சில்லுக்குக் கீழே வைத்தார். வண்டி திருத்துகிறவன் பாய்ந்து வந்தான். ஆர் இந்தப் பட்டுச் சேலைக்காரி, வண்டிக்கு என்ன செய்கிறாள் என்று அவன் நினைத்ததில் தவறில்லை. இத்தாலியன் கையைக் காட்டி அவனை நிறுத்தினான். தன் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சின்னச் சிவப்புக் கொம்பைத் தொட்டுக்கொண்டான். கண்ணூறு அவன் ஊரிலும் உண்டு. எழுந்து வந்து தானே வண்டியை முன்னுக்குத் தள்ளினான். தேசிக்காய் நசிந்தது. அம்மா இரண்டு கையையும் கூப்பினார்.

திரும்பி வரும்போது அம்மா ஒரு சின்னப் பிள்ளையைப் போல நடந்தார். சேலைக் கரை சேற்றில் இழுபடுவதைக்கூடக் கவனிக்கவில்லை.

பந்தயம் தொடங்கியது. காது கிழியும் சத்தம். முதல் திருப்பத்தில் அவன்தான் முன்னால் வந்தான். அம்மா கத்தினார், கதிரைக் கிழவர் கத்தினார், அப்பாவும் கோட் பொத்தானைக் கழற்றிவிட்டுக் கத்தினார். செவ்வாய்க்கிழமைப் பரீட்சையும் முதியோர் இல்லத்து வேலையும் கைக்கு வந்துவிட்டதாகவே எனக்குத் தோன்றியது. பிறகு எங்களுக்கு நேர் எதிரே இருந்த பெரிய மேட்டில் ஏறிப் பறந்தவன் சரிவாக இறங்கினான். வண்டி ஒரு பக்கம் போக அவன் மறுபக்கம் உருண்டான். பின்னால் வந்தவனின் வண்டி அவன் தோளில் இடித்துக்கொண்டு போனது.

அவன் எழும்பவில்லை. நான் அழத் தொடங்கினேன். என் முகத்தைத் துடைக்க அம்மா லேஞ்சி எடுக்கப் போனபோது பைக்குள்ளிருந்து ஒரு தேசிக்காய் உருண்டு விழுந்தது. மஞ்சள்.

அப்பா அதைப் பார்த்தார். “பச்சை எங்கை?” என்று கேட்டார்.

அம்மா பையைத் துழாவினார், அதற்குள் வேறு தேசிக்காய் இல்லை. எங்கள் பழங்காரின் கண்ணூறு முழுவதையும் கொண்டுபோய் உலகச் சம்பியனின் சில்லுக்குக் கீழே வைத்துவிட்டோம் என்பது எனக்கு விளங்கியது. நாங்களே அவனை விழுத்திவிட்டோம். நான் இன்னும் பெரிதாக அழுதேன்.

சேற்றில் கிடந்தவன் முதலில் முழங்காலில் எழும்பினான். இடது கை ஒரு பக்கமாகத் தொங்கியது. கொடிக்காரர்கள் வெளியே வரச் சொல்லிக் கைகாட்டினார்கள். தலையாட்டி மறுத்துவிட்டு, வண்டியைத் தோளால் முட்டி நிமிர்த்தி மிதித்தான். அது இயங்கவில்லை. மறுபடியும் மிதித்தான். எல்லோரும் அவனைக் கடந்து ஒரு சுற்றுப் போய் வந்துவிட்டார்கள். அதன் பிறகுதான் ஏறி ஓடினான்.

வேறு யாரோ வென்றான். ஒலிபெருக்கி வென்றவனின் பெயரைக் கத்தியது. சனம் பியர்க் கூடாரத்துக்குக் கலைந்தது. அம்மா மட்டும் வேலிக் கயிற்றைப் பிடித்தபடி நின்றார்.

“வாரும், நேரம் போகுது. சேலையைப் பாரும்” என்றார் அப்பா.

“நில்லுங்கோ. அவன் இன்னும் வரேல்லை.”

கடைசியாக அவன் வந்தான். மேடுகளைப் பாயாமல், ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறி இறங்கி வந்தான். முடிவுக் கோட்டை அவன் தாண்டியபோது அம்மா கை தட்டினார், வளையல்கள் எல்லாம் குலுங்கத் தட்டினார். கதிரைக் கிழவரும் சேர்ந்து தட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது. கடைசியாக வந்தவனுக்கா கை தட்டுவார்கள்?

காரில் அப்பா என்னைத் தேற்றப் பார்த்தார். “எங்கட இந்தப் பழங்காருக்கு ஆர் பிள்ளை கண்ணூறு போடப்போயினம்? அந்தப் பச்சையில ஒண்டும் இருந்திருக்காது.” அம்மா சிரித்தார். மண்டபத்தில் பெண்கள் சேலைக் கரையைப் பார்த்துக் கேட்டபோது உள்ளதை உள்ளபடி சொன்னார். ஒருவரும் நம்பவில்லை.

தோள் எலும்பு மறுபடியும் முறிந்திருந்ததாகக் கடைக்காரப் பெண்மணி மறுநாள் சொன்னாராம். அதற்குப் பிறகு அவன் சம்பியனாகவில்லை. இன்னும் ஒரு வருடம் ஓடிவிட்டு நிறுத்திக்கொண்டான்.

திங்கட்கிழமை முழுக்க அம்மா தெர்மினை நிறுத்தத் தொலைபேசியை எடுப்பார் என்று காத்திருந்தேன். அவர் எடுக்கவில்லை. செவ்வாய் காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வெளிக்கிட்டு நின்றார்.

“அவன் தோத்திட்டான்தானே அம்மா?”

“ஓம், தோத்திட்டான்” என்று சொல்லிக்கொண்டு சப்பாத்தைக் கட்டினார்.

சரி, போகிறார் என்றால் ஒழுங்காகப் போகட்டும் என்று மஞ்சள் தேசிக்காயை நினைவூட்டினேன். “சில்லுக்குக் கீழ வையுங்கோ, பிள்ளையாரை நினையுங்கோ.” “ஓம் ஓம், நீ பள்ளிக்கூடம் போ” என்றார். பின்னேரம் வந்து குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் பால் போத்தலுக்குப் பக்கத்தில் அது சும்மா இருந்தது. எனக்கு அப்போதே முடிவு தெரிந்துவிட்டது.

தெரிந்தபடியேதான் நடந்திருந்தது. லீவு போட்டுக் கூடப் போன அப்பா முதலில் உள்ளே வந்தார். அம்மா பின்னால் சிரித்துக்கொண்டு வந்தார்.

“ஒரு சந்தியில வலப்பக்கத்தாலை வந்தவனுக்கு வழி விடேல்லை. அதோடை பெயில். மிச்சத்தையும் ஓட விருப்பமோ எண்டு அந்தப் பரிசோதகர் கேட்டார். ஓம் எண்டன். முழுக்க ஓடினனான், வேலி இருந்த அந்தத் தெருவாலையும் ஓடினனான். கொண்டுவந்து வடிவா நிப்பாட்டினன்.” அப்பாவைப் பார்த்து, “சொல்லுங்கோவன், வடிவாத்தானே நிப்பாட்டினன்?” என்றார். அப்பா தலையாட்டினார். அம்மாவை அவர் அப்படிப் பார்த்து நான் அதற்குமுன் கண்டதில்லை.

அடுத்த தெர்மினில் அம்மா தேறினார். அந்த முதியோர் இல்லத்தில்தான் இன்றும் வேலை. பனி விழுந்த நாட்களில் அப்பா தானாகவே கார்த் திறப்பை அவரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்துச் சீட்டில் ஏறுகிறார். ஆனால் அதெல்லாம் அந்தப் பின்னேரம் எனக்குத் தெரியாதே. இத்தாலியன் கடைசியாக வந்தான், அம்மா பெயில், வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தேசிக்காயை எடுத்து மேசையில் வைத்தேன்.

“இதை விட்டிட்டுப் போட்டீங்கள். அதாலைதான்.”

அம்மா அதைக் கையில் எடுத்து ஒருமுறை உருட்டிப் பார்த்தார். பிறகு பலகையில் வைத்து இரண்டாக வெட்டி, பிழிந்து, தண்ணீரும் சீனியும் போட்டுக் கலக்கி மூன்று பேருக்கும் ஊற்றினார். ஐயர் பூசை செய்து தந்த ஒரே தேசிக்காய் இப்படி வீணாகிறதே என்று எனக்கு அழுகை வந்தது. தோற்ற இரண்டு பேருக்காக அம்மா ஏன் இவ்வளவு சந்தோசப்படுகிறார் என்று கொஞ்சமும் விளங்காமல், சீனி காணாது என்று அவரோடு சண்டை பிடித்துக்கொண்டே அதைக் குடித்து முடித்தேன்.