ஆறாவது மணி

கடல் ஊருக்குள் வந்துபோன மறு வருஷம் எங்கள் சித்தி ஒரு சால்வை பின்னினாள். மரக்காணத்து உப்பளங்கள் சேறு மூடிக் கிடந்தன. அங்கே கூலிக்குப் போய்க்கொண்டிருந்த சித்திக்கு வேலை இல்லை. அவளுடைய மூன்று வயது மகளையும் அந்தத் தண்ணீர் கொண்டுபோயிருந்தது. அந்தக் குழந்தையின் பெயரை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. நானும் எடுக்கக் கூடாது என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள்.

குயிலாப்பாளையத்தில் பெண்களுக்குப் பின்னல் கற்றுக்கொடுத்து ஆர்டரும் வாங்கித் தரும் ஓர் இடம் இருந்தது. சால்வை அங்கிருந்து வந்த ஆர்டர்தான். கேட்டவர் வெளிநாட்டில் வானசாஸ்திரம் படித்த ஓர் அம்மாளாம். வானத்து வரைபடம் போல ஒரு வட்டச் சால்வை. நடுவில் ஒன்பது கண்ணியில், அதாவது ஊசியில் ஒன்பது நூல்வளையத்தில், தொடங்க வேண்டும்; நடுவிலிருந்து தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் கண்ணியும் இரட்டிப்பாக வேண்டும். பதினெட்டு, முப்பத்தாறு, எழுபத்திரண்டு. அப்படிப் பின்னினால்தான் துணி சுருங்காமல் விரியும். நட்சத்திரம் இருக்கும் இடத்திலெல்லாம் ஒரு கண்ணாடி மணி. எந்தச் சுற்றில் எத்தனையாவது கண்ணியில் மணி என்பது கட்டம் போட்ட தாளில் இருந்தது.

சித்திக்கு அந்தத் தாள் பிடிபடவில்லை. ஐந்தாம் வகுப்பில் கணக்கில் முதலாவதாக வரும் நான், பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசித்தேன். "ஏழுல ஒண்ணு சித்தி. அப்புறம் முப்பத்தொண்ணுல." உப்பு அரித்த அவள் விரல்களில் நூல் மாட்டி மாட்டி இழுக்கும். எண்ணெய் தடவினால் கறைபடும் என்று, விரல்நுனிகளைச் செங்கல்லில் தேய்த்துவிட்டு உட்காருவாள்.

பாதிச் சால்வையைக் காட்ட ஒரு சனிக்கிழமை குயிலாப்பாளையம் கிளம்பினோம். பஸ்ஸில் அதை மடியில் வைத்துச் சுற்றுச் சுற்றாகச் சரிபார்த்தேன். ஒரு சுற்றில் ஐந்து மணி இருக்க வேண்டும்; ஆறு இருந்தது.

"சித்தி, இங்க ஒண்ணு கூட இருக்குது."

"இருந்துட்டுப் போவட்டும்டி."

அவள் தெரிந்தேதான் வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் தப்பாக வாசித்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. பொறுப்பாளர் மேடம் சால்வையை மேசையில் விரித்ததும் முந்திக்கொண்டு விரலை வைத்தேன். "மேடம், இந்த மணி தப்பு. தாள்ல இல்ல. நான் சரியாத்தான் படிச்சேன்."

மேடம் குனிந்து பார்த்துவிட்டுச் சித்தியிடம், "ஒண்ணுதானேம்மா, விடுங்க. யாரு எண்ணிப் பாக்கப் போறாங்க?" என்றார். என் கெட்டிக்காரத்தனத்துக்கு ஒரு பிஸ்கட்டும் கொடுத்தார்.

திரும்பும்போது சால்வையைச் சித்தியே மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் ஊசியை உருவிவிட்டு நூலைப் பிடித்து இழுக்கத் தொடங்கினாள். பதினோரு சுற்று, எட்டு நாள் வேலை. மணிகள் ஒவ்வொன்றாக எவர்சில்வர் தட்டில் விழுந்தன. எனக்குப் பயமாகிவிட்டது.

"பரவால்லன்னு மேடமே சொல்லிட்டாங்களே சித்தி?"

"தப்புன்னு சொல்லிட்ட எடத்துல அவள வெச்சிருக்க மாட்டேன்" என்றாள். குரலில் கோபமே இல்லை.

மணியைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். எதிர்வீட்டு அக்கா தன் ஆட்டைக்கூட 'அவ' என்றுதான் சொல்லுவாள். சித்தி கண்ணிகளை மறுபடி ஊசியில் ஏற்றும்வரை காத்திருந்தேன். நான் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொண்டுவிட்டாள் என்ற நிறைவில், தாளை நேராகப் பிடித்துக்கொண்டு உரக்க வாசிக்கத் தொடங்கினேன்.