கண்மாய்க் கரையில் ஏழு மாடி

பெரிய கட்டடம் என்றாலே எனக்கு எரிச்சல் வரும். கண்ணாடியை ஒட்டி, ஓர் ஆங்கிலப் பெயரையும் வைத்துவிட்டால் ஊரே வாயைப் பிளக்க வேண்டுமா என்ன?

போன வாரம் நானும் பிளந்தேன்.

விருதுநகரில், மூக்கைப் பொத்திக்கொண்டு நாம் கடந்துபோன அதே கண்மாய்க் கரைக் குப்பை மேட்டில்தான் அது எழும்பியிருக்கிறது. கீழே கடைகள், நடுவில் ஆபீஸ்கள், மேலே வீடுகள். சுற்றிலும் கண்ணாடி. தண்ணீரும் வானமும் அறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கின்றன. மனசுக்குள் திட்டிக்கொண்டே போனவன் நான்... கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தேன்.

என் அண்ணன் மனைவி பாண்டியம்மாளுக்கு அங்கே ஹவுஸ்கீப்பிங் வேலை கேட்டுப் போயிருந்தோம். மதினிக்கு ஆமத்தூர்ப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் வேலை. இது கிடைத்தால் அதை விட்டுவிடலாம். கிடைக்க வேண்டுமே என்று வீடே தவித்தது.

மதினி வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். கதவில் பதித்திருந்த பித்தளைத் தகட்டில் உள்ளங்கையை வைத்து எடுத்தார். பட்டாசு அறைக்குள் நுழையுமுன் உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்கட்டும் என்று அப்படித்தான் செருப்பைக் கழற்றிவிட்டுத் தகட்டைத் தொடுவார்கள்.

"கும்புடுறீகளாக்கும்?"

"பேசாம வாங்க கொழுந்தனாரே."

மேல்மாடியில் சூப்பர்வைசர் பெண் வேலையை விளக்கிக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ இரும்பு வாளியைத் தவறவிட்டார்கள். டமார்.

மதினி ஓடினார். கம்பெனியில் அதுதான் பாடம் — சத்தம் கேட்டால் முதலில் ஓடு, காரணத்தை அப்புறம் கேள். அங்கே அறைக்கு நாலு பக்கமும் வாசல். எந்தப் பக்கம் ஓடினாலும் வெளியே விழலாம். இங்கே எந்தப் பக்கம் ஓடினாலும் கண்ணாடி. நெற்றி புடைத்துவிட்டது.

வேலை போச்சு என்று நினைத்தேன். மதினியின் முகமும் செத்துவிட்டது.

"எதுக்குக்கா ஓடுனீக? வாளிதான விழுந்துச்சு" என்றார் சூப்பர்வைசர்.

மதினி திரும்பிப் பார்த்தார். வாளி உருண்டு நின்றது. தண்ணீர் பரவியது. யாரும் கத்தவில்லை.

"இங்கன கை தவறுனா... இம்புட்டுதானா?"

"இம்புட்டுதான். தொடச்சு விட்ற வேண்டியதுதான்."

யாரும் சொல்லாமலே மதினி மாப்பை எடுத்தார். துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"நாளைக்குச் செருப்பு போட்டே உள்ள வாங்கக்கா" என்றார் அந்தப் பெண்.

இப்போது தெருவில் அவரிடம் லிஃப்டைப் பற்றிக் கேட்கிறார்கள், கண்ணாடியைப் பற்றிக் கேட்கிறார்கள். மதினியின் பதில் ஒன்றுதான்.

"அங்கன எதையும் கீழ போடலாம்த்தா."

கட்டட விளம்பரத்தில் ஜிம், நீச்சல் குளம் என்று என்னென்னவோ இருக்கிறது. இந்த வசதி இல்லை. எழுதினாலும், அங்கே வீடு வாங்குகிறவனுக்குப் புரியவா போகிறது?