இரண்டாம் பாகத்து அம்மா

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், திருப்பூரிலிருந்து வெள்ளகோவில் திரும்பிக்கொண்டிருந்த எங்கள் கம்பெனி வேனில் இது தொடங்கியது. தேதி, படம் விட்ட நேரம், வழியில் தூறல் பிடித்த இடம் எல்லாம் என் நோட்டில் இருக்கின்றன. இங்கே அவை தேவைப்படாது என்பதால் விட்டுவிடுகிறேன். விடுவது எனக்குக் கொஞ்சம் சிரமம்தான்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. வெள்ளகோவிலிலிருந்து நாங்கள் சிலர் கம்பெனி வேனில் தினமும் போய்வருகிறோம். தைத்து வருவதைப் புரட்டிப் பார்த்து, தேறுவது எது, தேறாதது எது என்று பிரிக்க வேண்டும். தையல் விலகியது, கறை பட்டது, பிரிண்ட் கோணியது எல்லாம் எங்கள் ஊரில் 'செகண்ட்ஸ்'. அது கப்பல் ஏறாது. சாலையோரத்தில் குவித்து வைத்து விற்கப் போய்விடும்.

வேலைக்கு வெளியே எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பார்த்த படம், படித்த புத்தகம், பெய்த மழை, வேன் பஞ்சராகி நின்ற நாள் என்று எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைப்பேன். போன வருஷம் தீபாவளி போனஸ் என்றைக்குப் போட்டார்கள், எந்தப் பொங்கலுக்கு எந்தப் படம் வந்தது என்று வேனில் தகராறு வந்தால் கடைசியில் என்னிடம்தான் வருவார்கள். அதனால் 'கல்வெட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான். ஆனால் நான் சொன்ன பிறகு யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள் என்பதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, முதலாளியிடம் கேட்டு வேனை எடுத்துக்கொண்டு, அவரவர் குடும்பத்தோடு ஒரு சூப்பர் ஹீரோ படத்தின் இரண்டாம் பாகத்தைப் பார்க்கத் திருப்பூர் போயிருந்தோம். படத்தின் பெயரைச் சொன்னால் மறுபடியும் சண்டை கிளம்பும், வேண்டாம். மூச்சை அடக்கினால் சுற்றியிருப்பதெல்லாம் அப்படியே நின்றுபோகும் சக்தி பெற்ற ஒரு கொரியர்காரன், அவனுடைய அம்மா, ஊரை அழிக்க வரும் ஒருவன். முதல் பாகம் வந்தபோது எங்கள் வேனில் அதைப் பார்க்காதவர்களே இல்லை. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிக்னலில் நின்ற லாரிகளைத் தாங்கள்தான் நிறுத்தியதாகச் சொல்லித் திரிந்தோம்.

திரும்பும்போது டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் நான். எனக்கு நேர் பின்னால் டிரைவரின் மனைவியும் மகளும். அவர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தப் பெண்ணுக்கு அப்போது ஒன்பது வயது. அவளைப் பெற்ற அம்மா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. டிரைவர் இந்த மனைவியை மணந்துகொண்டு ஏழு மாதம். இவரும் எங்கள் கம்பெனியிலேயே டெய்லர். முதல் இரண்டு மாதம் அந்தப் பெண் இவர் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி, அன்று இருவரும் ஒரே பாப்கார்ன் பொட்டலத்தில் கை விடும் அளவுக்கு வந்திருந்தார்கள். அது லேசில் வந்ததல்ல என்று வேனில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

வேன் பல்லடம் ரோட்டைத் தாண்டுவதற்குள் இரண்டு கட்சி ஆகிவிட்டது. முதல் பாகம்தான் படம் என்பது எங்கள் கட்சி. அதற்குத் தலைவர் கம்பெனியில் இஸ்திரி போடும் அயர்ன் மாஸ்டர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இரண்டாம் பாகம்தான் உசத்தி என்று நின்றவர் டிரைவர்.

"முதல் பாகத்துல அந்தப் பாலத்துச் சண்டை இருக்குல்லா, அதுக்கு இது காணுமா?" என்றார் மாஸ்டர்.

"ஏனுங் மாஸ்டர், இன்னும் பாலத்துலயே நின்னுட்டிருந்தா எப்படிங்? இதுல ரயிலையே நிறுத்தறானுங்க!"

"ரயிலு நம்ம ஊத்துக்குளியிலயுந்தான் நிக்கி. அதுக்கு டிக்கெட் எடுத்தா பாக்கப் போறோம்?"

வேன் அதிர்ந்தது. பேச்சு அப்படியே சண்டைக்காட்சியிலிருந்து பாட்டுக்கு, பாட்டிலிருந்து நடிகர்களுக்குத் தாவியது. முதல் பாகத்தில் கதாநாயகனுக்கு அம்மாவாக நடித்தவர் இரண்டாம் பாகத்தில் இல்லை. அதே அம்மா பாத்திரத்தில் வேறொரு நடிகையைப் போட்டிருந்தார்கள். அங்கேதான் எங்கள் கட்சிக்குப் பலம் கூடியது.

"அதுல்லா அம்மா! பெத்த தாயி மாதிரியே இருந்துச்சு. இது யாரோ பக்கத்து வீட்டுப் பொம்பள வந்து நிக்க மாதிரில்லா இருக்கு" என்றார் மாஸ்டர். ஆளாளுக்கு ஆமாம் போட்டார்கள். பின் சீட்டிலிருந்து யாரோ, "கல்வெட்டு என்னங்க சொல்லுது?" என்று கேட்டார்கள்.

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இதுல சொல்றதுக்கு என்னங்க இருக்குது? படமும் செகண்ட்ஸ், அம்மாவும் செகண்ட்ஸ்" என்றேன்.

அத்தனை பேரும் சிரித்தார்கள். பனியன் கம்பெனிக்காரர்களுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் ஏது? சிரிப்புக்கு நடுவே அந்தச் சிறுமியின் சிரிப்பும் தனியாகக் கேட்டது. டிரைவர் மட்டும் சிரிக்காமல் கியரை மாற்றினார். தோற்ற கட்சிக்காரர், அப்படித்தான் இருப்பார் என்று எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய் அந்த வாக்கியத்தை நோட்டிலும் எழுதி வைத்தேன்.

திங்கட்கிழமை டிரைவரின் மனைவி வேனில் வரவில்லை. ஆனால் கம்பெனியில், தன் மிஷினில் இருந்தார். செவ்வாய், புதன், வியாழனும் அப்படியே. பஸ்ஸில் வருகிறார் என்றார்கள். சீட் காலியாக இருந்ததை நான்கு நாளும் எழுதியிருக்கிறேன். ஏன் என்று யாரையும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை டீ நேரத்தில் டிரைவரே என்னைத் தேடி வந்தார்.

"ஏனுங்ணா, ஒண்ணு சொல்லோணுங். தப்பா எடுத்துக்காதீங்க."

திங்கட்கிழமை காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது, வழக்கம்போல மகளுக்குத் தலைபின்ன உட்கார்ந்திருக்கிறார் அவர் மனைவி. அந்தப் பெண் தலையை இழுத்துக்கொண்டு, "நீங்க செகண்ட்ஸ் தானுங்க" என்றிருக்கிறாள். அடிக்கக் கை ஓங்கிவிட்டாராம் டிரைவர். மனைவிதான் தடுத்திருக்கிறார்.

"யாரு உனக்கு இதைச் சொன்னதுன்னு கேட்டனுங். 'கல்வெட்டு மாமாவே சொல்லீட்டாங்கல்ல'ங்குதுங்க. அன்னியிலிருந்து தலையை அதுவே பின்னிக்குது. கோணக்கோணையா இருக்குதுங்க. ஊட்டுக்காரி, நான் பஸ்லயே போயிக்கறேன், வேன்ல எல்லாரு மூஞ்சியும் பாக்க முடியாதுங்கறா."

"நான் படத்தைத்தானுங்க சொன்னேன்" என்றேன். எனக்கே அது நன்றாகப் படவில்லை.

"தெரியுங்ணா. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். புள்ளைக்குத் தெரியோணுமல்லங்க" என்று சொல்லிவிட்டு டீ கிளாஸை வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் பழைய நோட்டுகளை எடுத்தேன். எதற்கென்றால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். முதல் பாகத்து அம்மாவைப் பற்றி அப்போது நான் எவ்வளவு உயர்வாக எழுதியிருக்கிறேன் என்று டிரைவரிடம் காட்டிவிட்டால், நான் பேசியது வெறும் நடிப்பைப் பற்றித்தான் என்று புரியும் அல்லவா? முதல் பாகம் பார்த்த நாளின் பக்கம் கிடைத்தது. என் கையெழுத்தில் இப்படி இருந்தது: 'அம்மாவாக வருபவர் தேவைக்கு மேல் அழுகிறார். ஒட்டவில்லை. இடைவேளைக்குப் பிறகு பத்து நிமிடம் தூங்கிவிட்டேன்.'

மூன்று தரம் படித்தேன். இன்னொரு அம்மா வந்து நின்ற பிறகுதான் அந்த முதல் அம்மா எனக்குப் பெற்ற தாய் போல ஆகியிருக்கிறார். இத்தனை வருஷம் தேதி போட்டு எழுதியவன் மனசுக்குள்ளேயே தேதி மாறிப்போயிருக்கிறது.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் டிரைவரின் மனைவி தன் மிஷின் அருகிலேயே டிபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்திருந்தார். போய் நின்று, தவறாகப் பேசிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"சார், நீங்க நான் தெச்ச பீஸை எத்தனையோ தரம் திருப்பி உட்டிருக்கறீங்க. ஒரு நாளும் நான் வருத்தப்பட்டதில்லீங்க. ஏன்னா நீங்க உள்பக்கம் திருப்பி, தையல் தையலாப் பாத்துப்போட்டுத்தான் திருப்பி உடுவீங்க. இதை மட்டும் பாக்காமயே சொல்லிப்போட்டீங்க."

இருபத்திரண்டு வருஷமாக நான் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது. உள்புறம் பார்க்காமல் ஒரு பீஸையும் ஒதுக்காதே.

"எங்கிட்ட மன்னிப்பெல்லாம் வேண்டாங்க. நானென்ன சின்னப் புள்ளையா? சொன்ன எடத்துல சொல்லுங்க" என்றார்.

சனிக்கிழமை பள்ளி விடுமுறையானால் டிரைவரின் மகளும் காலை வேனில் காங்கேயம் வரை வருவாள். அங்கே அவளுக்கு டியூஷன். அந்தச் சனிக்கிழமை அவர் மனைவியும் பஸ்ஸை விட்டு வேனில் ஏறினார். இருவரும் பழைய சீட்டில்தான் உட்கார்ந்தார்கள். நடுவே டியூஷன் பை இருந்தது. பெண்ணின் முகம் ஜன்னல் பக்கம். பின்னல் இரண்டும் இரண்டு உயரத்தில் தொங்கின.

வேன் கிளம்பியதும் நான் நோட்டை எடுத்துக்கொண்டு முன் சீட்டில் பின்பக்கமாகத் திரும்பி முழங்காலிட்டு உட்கார்ந்தேன். "எல்லாரும் கேளுங்க. போன ஞாயித்துக்கிழமை நான் சொன்னது தப்பு. ஆதாரம் இருக்குது" என்று சொல்லி, அந்தப் பக்கத்தை ஓர் எழுத்து விடாமல் படித்தேன்.

பிறகு மாஸ்டர், "ஏ அண்ணாச்சி! கல்வெட்டுலயே எழுத்துப் பிழையா?" என்றார். எல்லோரும் சிரித்த சிரிப்பில் வேன் மறுபடியும் அதிர்ந்தது. இந்த முறை என்னைப் பார்த்து. மாஸ்டருக்கு விஷயம் தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர்தான் தொடர்ந்து, "நானும் ஒண்ணும் ஒழுங்காப் பாக்கல. பாலத்தை மட்டுந்தான் பாத்தேன்" என்றார்.

நான் அந்தப் பெண்ணிடம், "அந்த ரெண்டு அம்மாவையும் நான் சரியாப் பாக்காமயே பேசிட்டேன் கண்ணு" என்றேன்.

அவள் ஜன்னலிலிருந்து திரும்பினாள். மன்னிப்பைப் பற்றி அவளுக்கு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

"நெசமாலுமே தூங்கிட்டீங்களா?"

"ஆமா கண்ணு. பத்து நிமிஷம்."

"அப்ப மொத அம்மா ஆஸ்பத்திரியில மூச்சுப் பிடிச்சு நிக்கறது நீங்க பாக்கவே இல்லையா? ஐயே!" என்றாள். அப்புறம் அவளே நீதிபதியாகிவிட்டாள். "ரெண்டாவது அம்மாவும் நல்லாத்தான் பண்ணுனாங்க. அவிங்களுக்குத் தோசை சுடத்தான் தெரியல. ஊத்துன உடனே திருப்பறாங்க."

டிரைவரின் மனைவியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "கல்லே காஞ்சிருக்காது. காயாத கல்லுல ஊத்துனா புட்டுப் புட்டுத்தான் வரும்" என்றார், படத்தில் இருந்த அந்த நடிகையையே கண்டிப்பது போல.

அந்தப் பெண் சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். "நீ மட்டும் என்னவாம்? நேத்துத் தீச்சுப்போட்டயில்ல?"

"தீஞ்சதையும் நாலு தின்னயல்ல, அப்பத் தெரியலையா?"

"பசிச்சுது!"

எங்கள் பக்கம் பேச்சில் 'ங்க' போடாமல் இருக்க முடியாது. கடைக்காரரிடம், கண்டக்டரிடம், சண்டை போடும்போதுகூட 'ங்க' வரும். பிள்ளைகள் 'நீ, வா, போ' என்று உரிமையாகப் பேசுவது அம்மாவிடமும் கன்றுக்குட்டியிடமும்தான். ஏழு மாதமாக அந்தப் பெண் இவரிடம் 'வாங்க, போங்க' என்றுதான் பேசி வந்தாள். பாப்கார்ன் பொட்டலத்தில் கை விட்ட அன்றும் 'எடுத்துக்கோங்க' என்றுதான் சொன்னாள். இப்போது அவள் போட்ட அந்த 'நீ'யை அவளே கவனிக்கவில்லை. அவர் கவனித்தார். பையின் வாரைப் பிடித்துக்கொண்டு குனிந்துகொண்டார். டிரைவர் கண்ணாடியிலேயே பார்த்துக்கொண்டு வந்ததில் வேன் நடுரோட்டில் ஊர்ந்தது. பின்னால் வந்த டவுன் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

என் வாசிப்பு அங்கே எதையும் சரிசெய்துவிடவில்லை. நான் கெடுத்ததை ஒரு தீய்ந்த தோசை சரிசெய்தது. அன்று அவள் 'அம்மா' என்று கூப்பிடவில்லை. பிறகு கூப்பிட்டாளா, எப்போது கூப்பிட்டாள் என்று நான் விசாரிக்கவும் இல்லை, எழுதி வைக்கவும் இல்லை. தேதி தெரியாமல் நான் விட்ட விஷயம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

அந்தப் படத்துக்கு மூன்றாம் பாகம் வரப்போகிறது என்கிறார்கள். வேனில் இப்போதே கட்சி பிரிந்தாகிவிட்டது. முதல் பாகத்தை அடிக்க ஆள் இல்லை என்பதுதான் இன்றும் என் கட்சி. ஆனால் அதைச் சொல்ல வாயைத் திறக்குமுன், என் பின்னால் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.