நெட்டருகே ஒரு பந்து

“ஏட்டி, பின்னால நாயும் வரல, முன்னால பஸ்ஸும் நிக்கல. ஒங்க மாமா எதுக்கு இப்பிடி ஓடுதாரு?” என்று டீக்கடை பிச்சையா அண்ணாச்சி கேட்டார். மழை விட்டிருந்தது. ஊரே கரிசல் காட்டைச் சுற்றிக்கொண்டு ரோட்டு வழியாகப் போகிற நேரம். மாயகிருஷ்ணன் மாமா மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தச் சகதிக்குள் ஓடிக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டுக்காரர் என்பதால் எனக்கு மாமா. கோவில்பட்டியில் ஒரு நூல் மில்லின் ஸ்டோர்ஸில் வேலை. ஐம்பதை நெருங்குகிறார். கடலைமிட்டாயைக் கடிக்க மாட்டார். கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே பேசுவார். பஸ்ஸுக்குக்கூட ஓடாதவர். “அடுத்தது வரும்லா” என்பார்.

எங்கள் ஊரில் பையன்களுக்கு ஹாக்கிதான் உயிர். மாமாவுக்கு டென்னிஸ். மில்லுக்குள் செம்மண் கொட்டி இறுக்கிய மைதானம் ஒன்று இருக்கிறது. ஆபீசர்கள் ஆடுவது. நாலு பேரில் ஒருவர் குறைந்தால் மாமாவைக் கூப்பிடுவார்கள். அதற்காகவே சாயங்காலம் வெள்ளைக் கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு கம்பிவேலி ஓரம் போய் நிற்பார். பல நாள் நின்றுவிட்டு அப்படியே வீட்டுக்கு வருவார். ஷூவில் துளி செம்மண் இருக்காது.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு நடந்த ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் எஞ்சினியர் சௌந்தரபாண்டியன். ஓங்கி அடிப்பதுபோல் மட்டையைத் தூக்கியவர், பந்தை நெட்டுக்கு இந்தப் பக்கம் மெல்லத் தட்டிவிட்டார். பின்கோட்டில் நின்ற மாமாவுக்குப் பந்து தெரிந்தது. கால் கிளம்பவில்லை. பந்து இரண்டு தரம் குதித்து உருண்டது. “அண்ணாச்சி, பஸ்ஸு போயிட்டு!” என்று வேலிக்கு வெளியே யாரோ கத்த, மில்லே சிரித்தது.

அதற்குப் பிறகுதான் இந்த ஓட்டம். தூரம் ஓடுவதில்லை. வீட்டுக் கொடியில் ஒரு பழைய சேலை தொங்கும், அதுதான் நெட். நின்ற இடத்திலிருந்து சட்டென்று கிளம்பி, குட்டிக்குட்டி எட்டாக வைத்து, சேலைக்கு முன்னால் வந்து நிற்பார். திரும்பப் போவார். திரும்ப வருவார். முட்டியெல்லாம் வேப்பெண்ணெய் வாசனை. மழை பெய்தால் கரிசல் காடு. ஈர மண் உள்ளங்காலில் அப்பி, ஓட ஓட அடுக்காக ஏறி, செங்கல் கட்டியதுபோல் கனக்கும். அதைப் பனைமட்டைத் துண்டால் சுரண்டிவிட்டுச் சரள் ரோட்டில் ஓடிப் பார்ப்பார். “இப்பம் பாரு, காலு இருக்கா இல்லையான்னே தெரியல!”

பிளஸ் டூ முடித்துவிட்டு எதிலும் மனம் நிற்காமல் அலைந்துகொண்டிருந்த நான் ஒரு நாள் கேட்டேவிட்டேன். “ஜெயிக்கதுக்கா மாமா இம்புட்டுப் பாடு?”

“ஜெயிக்கதுக்கு இல்லட்டி. அந்தப் பந்து என் கண்ணு முன்னாலயே செத்துச்சு. இன்னொரு தடவ வந்தா நான் அங்கன நிக்கணும்.”

இந்த வருஷ ஆயுத பூஜைக்கு நானும் வேலி ஓரம் நின்றேன். மாமா குதிகாலை ஊன்றாமல் பின்கோட்டில் காத்திருந்தார். எஞ்சினியரோ நின்ற இடத்திலேயே அடிக்கும்படி, வாகாக, பந்துக்கு மேல் பந்தாகக் கொடுத்தார். ஒன்றுகூட நெட்டருகே விழவில்லை. மாமாவின் பக்கம் ஜெயித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். மாமா நெட்டுக்கு முன்னாலிருந்த வெறும் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காரணம் தெரிந்தது. மாமாவின் மனைவி முத்துத்தாய் அத்தை, ஆட்டத்துக்கு முந்தின நாள் எஞ்சினியர் வீட்டுக்குப் போயிருக்கிறார். “சார், அவிய மூச்சு வாங்குததப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு. ஓட விடாம ஆடுங்க” என்று கேட்டிருக்கிறார். அத்தையே அதை அழுதுகொண்டு சொன்னார். மாமா திட்டவில்லை. “நீ பயந்த, கேட்ட. அவரு என்னையும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்” என்றார். அவ்வளவுதான்.

அந்த மாதமே எஞ்சினியர் வேலையை விட்டு வேறு மில்லுக்குப் போய்விட்டார். கோயம்புத்தூர்ப் பக்கம் என்கிறார்கள். எந்த மில் என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை.

“பத்திரிகைக்கு எழுதுதேன் எழுதுதேன்னு திரியுதியே, இத எழுதுட்டி” என்றார் அத்தை. எழுதிவிட்டேன். அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் இருப்பவர்கள், மில்களில் வேலை பார்ப்பவர்கள் தயவுசெய்து இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். வாய் வழியாகவே அவர் காதுக்குப் போய்விடும். அவர் ஒரு நாள் வந்து, நெட்டருகே ஒரே ஒரு பந்து போட்டுவிட்டுப் போனால் போதும்.

நேற்றும் மழை. கரிசலிலிருந்து ஏறி வந்த மாமாவின் காலை அத்தையே சுரண்டிவிட்டார். பிறகு சேலைக்கு அந்தப் பக்கம் போய், பந்தை மாமாவின் கைக்கு எட்டும்படி போட்டார்.

“எங்கிட்டப் போடாத முத்து. தள்ளிப் போடு.”

பந்து திரும்ப அத்தையிடம் போயிற்று. அத்தை மாமாவை ஒரு தரம் பார்த்தார். அப்புறம் கண்களை இறுக மூடிக்கொண்டு, சேலையை ஒட்டி இந்தப் பக்கம் விழும்படி மெல்ல எறிந்தார்.